சேக்காட்டில் ஒரு ஜப்பான் அரண்மனை

ஜப்பான் ராஜாவின் பழைய அரண்மனை ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் சேக்காட்டில் எங்கள் வீட்டு வாசலில் இருந்தது. தெர்மோகோல், மூங்கில் குச்சி, தென்னம் பன்னாடை, மொசைக் தரை போடும் வெள்ளைச் சல்லி இவற்றை வைத்து என் மாமா கட்டியது. ஜனவரி முதல் வாரத்தில் மூவரசர் திருநாள் முடிந்த கையோடு பிரித்துப் பரண்மேல் போட்டுவிட்டோம். அது நின்ற அந்தக் கொஞ்ச நாளில் எங்கள் வீட்டில் நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்தபின் மனசு என்னவோ போல் ஆகிவிடுகிறது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பெற்றவர்கள் சீக்கிரமே போய்ச் சேர்ந்ததால் அம்மாதான் அவரை வளர்த்தாள். அம்மாவுக்குக் கல்யாணமானபோது சீர்வரிசையோடு அவரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று அப்பா கிண்டல் செய்வார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மாமாவுக்கு மெஷின் ஓட்டும் வேலை. அந்தக் கம்பெனி ஜப்பானிலிருந்து ஏதோ புது மெஷின் வாங்கியது. அதைப் பழகிக்கொண்டு வர இரண்டு பேரை அங்கே அனுப்பியது. ஒருவர் மாமா. இன்னொருவர் கொரட்டூர்க்காரர், பெண்டாட்டி பிள்ளை உள்ளவர். அவர் இரண்டாம் மாதமே வீட்டு ஞாபகம் தாங்காமல், வயிற்று வலி என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டார். மாமா மட்டும் ஒரு வருஷம் முழுக்க இருந்துவிட்டு வந்தார். அம்மாவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. கொரட்டூர்க்காரரைப் பற்றிப் பேச்சு வந்தால், பால் மறக்காத பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவாள்.

நான் அப்போது நான்காம் வகுப்பு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் டேப் ரெக்கார்டரும் கேமராவும் கொண்டுவருவார்கள் என்று தெருவுக்கே தெரியும். மாமா கொண்டுவந்தது ஒரு மடக்குக் குடை, ஆளுக்கொரு துவாலை, எனக்கு ஒரு காந்தம் வைத்த பென்சில் பெட்டி. போட்டோ ஒன்றுகூட இல்லை. அவர் வந்த அன்று சாயங்காலம் தெருவே கூடத்தில் உட்கார்ந்து அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. மிலிட்டரியிலிருந்து ஓய்வு பெற்ற எதிர்வீட்டுக்காரர்தான் முதலில் கேட்டார்.

"இன்னாப்பா, அவ்ளோ தூரம் போய்ட்டு வந்துகீற. அங்க இன்னா பாத்த?"

மாமா கையிலிருந்த துவாலையை மடித்து வைத்தார்.

"ராஜா அரண்மன ஒண்ணு கீது. ஞாயித்துக்கெழமையானா அங்கதான் போவேன்."

அவ்வளவுதான். அதற்குமேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை பெயரவில்லை. மிச்சத்தை எல்லாம் அம்மா பார்த்துக்கொண்டாள்.

அம்மாவைப் பொய்க்காரி என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு விஷயத்தை மொட்டையாக விட அவளுக்குப் பிடிக்காது, கண் காது மூக்கு வைத்துத்தான் அனுப்புவாள். அடிபம்பில் தண்ணீர் பிடிக்கும்போது மாமா அரண்மனையைச் சுற்றிப் பார்த்தவராக இருந்தார். ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது ராஜா உட்காரும் நாற்காலியைத் தொட்டுப் பார்த்தவராகிவிட்டார். ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நின்று பேசும்போது, தங்கக் கிண்ணத்தில் தேநீர் கொடுத்து உபசரித்தார்கள் என்ற அளவுக்குப் போயிருந்தது.

"அக்கா, ராஜாவே அங்க இல்லக்கா. நூறு வருசத்துக்கு மேல ஆச்சு, டோக்கியோ பக்கமா பூட்டாங்க," என்று மாமா கெஞ்சுவார்.

"பூட்டா இன்னாடா? அரண்மன அங்கதான கீது?" என்பாள் அம்மா.

அவள் இப்படி அள்ளிவிட்டதற்குக் காரணம் இருந்தது. மாமாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. அதற்குமுன் வந்த இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை, ஏதாவது குறை இருக்குமோ என்று இரண்டு வீட்டாரும் சொல்லிவைத்தாற்போல் கேட்டார்கள். தன் தம்பி கடைசிவரை தனிமரமாக நின்றுவிடுவானோ என்று அம்மா செபமாலை உருட்டும்போதெல்லாம் அழுவாள். இப்போதுதான் அவள் கையில் ஜப்பான் கிடைத்திருந்தது. அதை லேசில் விடுவாளா?

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோவிலைச் சேர்ந்த தெருக்களில், வீட்டுக்கு வீடு குடில் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். குழந்தை இயேசு பிறந்த மாட்டுக்கொட்டகையை வாசலில் அமைப்பது. சாக்கைச் சாயத்தில் முக்கி மலை செய்வோம். தட்டில் கேழ்வரகை முளைக்கவிட்டுப் புல்தரை செய்வோம். பங்குச் சாமியார் ஒவ்வொன்றாகப் பார்த்து, நல்ல குடிலுக்குப் பரிசு கொடுப்பார்.

குடிலில் இன்னொரு வசதியும் இருந்தது. கிறிஸ்துமஸிலிருந்து மூவரசர் திருநாள் வரைக்கும் யார் வேண்டுமானாலும் யார் வீட்டுக்கும் குடில் பார்க்கப் போகலாம். அந்தச் சாக்கில் பெண்ணைக் கூட்டிக்கொண்டே மாப்பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பிடித்திருந்தால் தரகர் மூலம் பேச்சு தொடரும். பிடிக்காவிட்டால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. குடில் பார்க்கத்தானே வந்தோம், நல்ல குடில், வருகிறோம் என்று போய்விடலாம். எங்கள் பக்கத்தில் பாதிக் கல்யாணம் கேழ்வரகுப் புல்லுக்கு முன்னால் நிச்சயமானவைதான்.

அந்த வருஷம் நசரத்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் குடில் பார்க்க வருவதாகத் தரகர் சொல்லிவிட்டுப் போனார். பெண் நர்ஸ். வடக்கே எங்கேயோ ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். அவள் அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். என் அம்மா அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள்.

"இந்த வருசம் நம்மூட்டுக் குடிலு ஜப்பான் அரண்மனதான். நீதான் கட்டற."

மாமா முதலில் முடியவே முடியாது என்றார். இயேசு பிறந்தது கொட்டகையில், அரண்மனையில் இல்லை என்று நியாயமெல்லாம் பேசினார். அம்மா காதில் வாங்கவில்லை. அப்புறம் என்ன நினைத்தாரோ, ஒருநாள் சைக்கிள் கேரியரில் தெர்மோகோல் அட்டைகளைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

அந்த நாட்களில் மாமா பேசியதுபோல் அதற்குமுன் பேசி நான் கேட்டதில்லை. ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் உட்கார்ந்தால் கை வேலை செய்யும், வாய் பேசிக்கொண்டிருக்கும். சுற்றிலும் நாங்கள் பிள்ளைகள். முதலில் நீளமாக ஒரு மதில் சுவர் கட்டினார். அதற்கு மண் நிறம் பூசி, அதன்மேல் ஐந்து வெள்ளைக் கோடுகள் இழுத்தார். அந்தக் கோடுகளைப் பார்த்தாலே ராஜா வீட்டுச் சுவர் என்று தெரிந்துகொள்வார்களாம். சுவரின் காலடியிலேயே ஒரு சின்னக் கால்வாய். நடுவில் பெரிய வாசல். அதன் கூரைக்கு ஓடு கிடையாது, மரப்பட்டையை அடுக்கடுக்காக வைத்து வேய்வார்கள் என்று சொல்லித் தென்னம் பன்னாடையை நறுக்கி ஒட்டினார். சவுக்குக் கிளைகளை நட்டு மரங்களாக்கி, வயதான கிளைகளுக்கு ஊன்றுகோல்கூடக் கொடுத்தார். அங்கே மரத்துக்குக்கூடக் கைத்தாங்கல் உண்டாம்.

பிறகு தரை முழுக்க வெள்ளைச் சல்லியைக் கொட்டிப் பரப்பினார். எங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. பூச்செடி இல்லை, நீரூற்று இல்லை, யானை இல்லை. வெறும் கல். ஆனால் மாமா அந்தக் கல்லின்மேல் ஒரு குச்சியால் மெதுவாக, வளைந்து வளைந்து போகும் ஒரே ஒரு கோடு போட்டார்.

"இது இன்னா மாமா, பாம்பு போன தடமா?" என்று கேட்டேன்.

"சைக்கிள் தடம். சல்லி மேல மெதிக்க முடியாது பாரு, சக்கரம் பொதியும். அதனால மொத ஆளு போன தடத்துலயே அடுத்த ஆளும் போவான். அப்டியே போய்ப் போய் ஒத்தையடிப் பாதையா ஆயிடுச்சி. எதுக்க ஒருத்தன் வந்தான்னு வெய்யி, ஒருத்தரு எறங்கி வழி உடணும்."

அந்தத் தடத்தின் ஓரத்தில், ஒரு சவுக்குக் கிளையின் கீழ், தீக்குச்சிகளை ஒட்டி ஒரு பெஞ்சு செய்துவைத்தார். மதிலையும் மரத்தையும்விட அந்தப் பெஞ்சுக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். உட்காரும் பலகையில் ஒன்று மட்டும் கொஞ்சம் விலகியிருக்க வேண்டும் என்று பிரித்துப் பிரித்து ஒட்டினார்.

அம்மா தங்கநிறக் காகிதம் வாங்கி வைத்துக்கொண்டு சிம்மாசனத்துக்காகக் காத்திருந்தாள். மாமாவோ வாசல் கதவைச் சாத்திப் பசை போட்டு ஒட்டிவிட்டார். உள்ளே ஒன்றும் கட்டவில்லை. மதிலுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்த மூங்கில் குச்சிகளும் எங்கள் வீட்டுச் சுவரும்தான். இருவருக்கும் சண்டை மூண்டது.

"உள்ள ஒண்ணும் இல்லாங்காட்டி அதுக்குப் பேரு அரண்மனையாடா? சேசு பாலன எங்க படுக்க வெப்ப?"

மாமா வைக்கோலை எடுத்து, பெஞ்சுக்குப் பக்கத்தில், மரத்தடியில் ஒரு சின்னக் கொட்டகை போட்டார். மாதாவும் சூசையப்பரும் அங்கே குடியேறினார்கள். மூன்று ராஜாக்கள் ஒட்டகத்தோடு சைக்கிள் தடத்தில் வரிசையாக நின்றார்கள். ராஜாக்களைக்கூட உள்ளே விடாத அரண்மனை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

பங்குச் சாமியார் வந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அரண்மனைக் கதவு அடைத்திருக்கிறது, அரசருக்கெல்லாம் அரசர் வெளியே வைக்கோலில் பிறக்கிறார், எத்தனை ஆழமான சிந்தனை என்று மாமாவின் தோளைத் தட்டினார். மாமா பின்மண்டையைச் சொறிந்துகொண்டு நின்றார். முதல் பரிசாக ஒரு சுவர்க்கடிகாரம் கிடைத்தது. அது முதல் நாளிலிருந்தே தாமதமாக ஓடியது. சிம்மாசனம் வேண்டாம் என்று தான்தான் சொன்னதாக அம்மா அன்று மாலையே தெருவில் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரருக்குத்தான் வயிறு எரிந்தது. வருஷா வருஷம் பரிசு வாங்கியவர் அவர். கதவைத் திறந்து காட்டப்பா, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்ப்போம் என்று போகும்போதும் வரும்போதும் ஒரு கல்லை வீசிவிட்டுப் போவார்.

நசரத்பேட்டைக்காரர்கள் கிறிஸ்துமஸ் முடிந்த ஒரு சாயங்காலம் வந்தார்கள். பெண்ணின் அப்பா, அம்மா, கூடவே அந்தப் பெண். நீலப் புடவை கட்டி, கையில் கடிகாரத்தை உட்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தாள். அச்சுமுறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டு அவர்களுக்குப் பக்கத்தில் நிற்பது என் வேலை. எதிர்வீட்டுக்காரரும் தற்செயலாக வருவதுபோல் வந்து சேர்ந்துகொண்டார்.

பெண்ணின் அப்பா மெக்கானிக் அல்லவா, குனிந்து நிமிர்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்துக் கேட்டார்.

"வேலப்பாடு நல்லா கீது தம்பி. உள்ள எப்டி இருக்கும்? வாரா வாரம் போவீங்கன்னு தரகரு சொன்னாரு."

மாமா வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். சிம்மாசனம், பட்டுத் திரை, தங்கக் கிண்ணம் என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டே, "இன்னாப்பா ஜப்பானு, அக்காவே சொல்லினு கீது. பாத்தவன் நீ, நீ சொல்லு," என்றார்.

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். மாமா சொல்லத் திணறினால் எடுத்துக்கொடுக்கலாம் என்று நான் இரண்டு வெள்ளை யானைகளைத் தயாராக வைத்திருந்தேன்.

"நான் உள்ள போனதே இல்லீங்க," என்றார் மாமா.

குடிலில் சீரியல் பல்புகள் மட்டும் அணைந்து அணைந்து எரிந்தன.

"ஞாயித்துக்கெழமைல உள்ள உட மாட்டாங்க. மத்த நாள்ல மின்னாடியே எழுதிக் கேட்டுகினு போவணும். எனக்கு ஞாயித்துக்கெழம மட்டும்தான் லீவு. அதான், காலைல பூச பாத்துட்டு நேரா அங்க போயிருவேன். வெளிய தோட்டம் பெருசா கீது, யாரு வேணா போலாம். தோ, இங்கதான் குந்திகினு இருப்பேன்."

அவர் விரல் நீட்டிக் காட்டிய இடத்தில் அந்தத் தீக்குச்சிப் பெஞ்சு இருந்தது.

காப்பி கொண்டுவருவதாக முணுமுணுத்துவிட்டு அம்மா உள்ளே போனாள். எதிர்வீட்டுக்காரர் இருமினார். எனக்கு அவமானத்தில் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. என் வகுப்பில் எல்லோரிடமும் அந்தத் தங்கக் கிண்ணத்தைப் பற்றிச் சொல்லியிருந்தேன். இனி என்ன முகத்தை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன்? ஒரு வருஷம் முழுக்க அரண்மனை வாசலில் உட்கார்ந்துவிட்டு உள்ளே போகாமல் வந்த ஒருவரை மாமா என்று சொல்லிக்கொள்ளவே எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தப் பெண் புடவையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு குடிலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, பெஞ்சை உற்றுப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"மத்தியானத்துக்கு இன்னா சாப்புடுவீங்க?"

"ரொட்டி எடுத்துகினு போவேன்," என்றார் மாமா.

"ஒண்டியாவா?"

"ஒண்டியாத்தான்."

"மழ பேஞ்சா?"

"கொட கீதுங்க. இல்லாங்காட்டி கேட்டாண்ட ஒதுங்கி நிப்பேன்."

"பொழுது சாயற வரைக்கும் அங்கியே இருப்பீங்களா?"

மாமா தலையை மட்டும் ஆட்டிவிட்டு, சரியாகவே இருந்த சல்லியைக் குனிந்து சரிசெய்ய ஆரம்பித்தார். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை. அந்தப் பெண் என் தட்டிலிருந்து ஓர் அச்சுமுறுக்கை எடுத்து, கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

நல்ல குடில், வருகிறோம் என்று அவர்கள் விடைபெற்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியாதா? அவர்கள் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்து அம்மா பிடித்துக்கொண்டாள்.

"உன்ன யாருடா இப்ப நெசம் பேசச் சொன்னாங்க? வாயே தொறக்காத ஆளு, தொறக்க வேற நேரமே கெடைக்கலியா உனக்கு?"

அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா மட்டும், பரிசாக வந்த கடிகாரத்தைத் திருகிச் சரியான நேரம் வைத்துக்கொண்டே, அவன் சொன்னதில் என்ன தப்பு என்று பொதுவாகச் சொல்லிப் பார்த்தார். அம்மா பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார்.

குடிலைப் பிரிப்பதற்கு முன்பே, ஒரு காலையில், பெண்ணின் அப்பா டிப்போவுக்குப் போகும் காக்கி உடையோடு வந்து நின்றார். உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை. "பொண்ணு சரின்னுட்சி. எங்களுக்கும் சம்மதம்," என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே போய்விட்டார். அம்மா கையில் இருந்த கரண்டியோடு வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும், இதெல்லாம் அந்த அரண்மனையால் வந்த அதிர்ஷ்டம் என்று தெருவுக்குச் சொல்லக் கிளம்பினாள். நல்லவேளை, இந்தத் தடவை எதையும் கூட்டிச் சேர்க்கவில்லை.

கல்யாணம் வைக்கக்கூடாத தவக்காலம் கழிந்து, ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணம் நடந்தது. மாமாவும் அத்தையும் பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்குக் குடியேறினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அங்கே போய்விடுவேன். அத்தை கறிக்குழம்பு வைப்பாள். மாமா அடுப்படியிலேயே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, வெங்காயம் உரித்தபடி பேசிக்கொண்டிருப்பார். எவ்வளவு பேசுவார் என்கிறீர்கள்! கொஞ்சம் வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வாருங்கள் என்று அத்தை விரட்டினாலும் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா கொத்தமல்லி வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரத்தில், ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்ததை அத்தையிடம் கேட்டுவிட்டேன்.

"அத்த, அன்னிக்கு மாமா கிட்ட அரண்மனயப் பத்தி ஏன் ஒண்ணுமே கேக்கல நீ?"

அத்தை குழம்பைக் கிளறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கேட்டேனேடி. கேக்க வேண்டியத எல்லாம் கேட்டேனே," என்றாள்.

அவள் கேட்கவே இல்லை. முறுக்குத் தட்டோடு பக்கத்திலேயே நின்ற எனக்குத் தெரியாதா? ரொட்டியையும் மழையையும் பற்றித்தான் கேட்டாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அம்மாவிடம் சொன்னேன், அத்தையும் நம்மைப் போலத்தான் அம்மா, நன்றாகப் புளுகுகிறாள் என்று.